ஃப்ளாப்பியை இன்றைய கம்ப்யூட்டரில் படிக்க யூஎஸ்பி டிரைவ் ஒன்றே போதுமா?

வண்ணை_அச்சகம் | 12.10.2024, இரவு 9.40

நேரா விஷயத்துக்கு வர்றேன். சென்னை ஆண்டர்சன் தெரு கடைகளுக்குப் போட்டுக் கொடுத்த கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் மலர் எல்லாம் ஃப்ளாப்பியில கிடக்கு. 3.5 இன்ச் அறுபது, 5.25 இன்ச் பன்னிரண்டு, 1993லேர்ந்து 2001 வரைக்கும். என் கணக்கு இதுதான்: யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒண்ணு வாங்கினா 3.5 முடிஞ்சுது. அதையே பிரிச்சு உள்ள இருக்கிற போர்டுல பழைய 5.25 டிரைவை மாட்டிட்டா அதுவும் முடிஞ்சுது. இதுக்கு மேல செலவு பண்ணச் சொல்றவங்க காரணத்தோட சொல்லுங்க.

ரிப்பன்34 | 12.10.2024, இரவு 10.25

முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாவது பாதி நடக்காது.

யூஎஸ்பி டிரைவுக்குள் இருப்பது லேப்டாப் டிரைவ். அதிலிருந்து 26 கம்பி கொண்ட மெல்லிய பட்டை ஒரு சிப்புக்குப் போகிறது. அந்தச் சிப்புக்குத் தெரிந்தது 1.44 எம்பி, 720 கேபி, சிலவற்றில் ஜப்பான்காரர்களின் 1.2 எம்பி. அவ்வளவுதான். தட்டில் காந்தமாக என்ன இருக்கிறது என்று அது வெளியே சொல்லாது. "இந்த செக்டார் இதோ" அல்லது "படிக்க முடியவில்லை", இந்த இரண்டு பதில்தான் வரும். (தட்டு டிராக் என்ற வட்டங்களாகவும், ஒவ்வொரு வட்டமும் செக்டார் என்ற துண்டுகளாகவும் பிரிந்திருக்கும்.) 5.25 டிரைவுக்கு 34 முனை, மோட்டாருக்கு 12 வோல்ட். யூஎஸ்பியில் 5 வோல்ட் மட்டும்தான். பட்டையை ஒட்டுப் போட்டு மாட்டினாலும் சிப்புக்கு அந்த வேகமும் டிராக் கணக்கும் புரியாது.

அறுபதுக்கு யூஎஸ்பி டிரைவில் தொடங்கலாம். ஆனால் இன்றைக்கு ஒரு தட்டையும் உள்ளே போடாதீர்கள். முதலில் ஷட்டரை (ஓரத்தில் நகரும் மூடியை) விரலால் தள்ளி, கறுப்புத் தட்டை ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி, பஞ்சு மாதிரிப் படலம், வட்டமாகக் கீறல் இருந்தால் தனியே வையுங்கள்.

கொருக்குப்பேட்டையான் | 12.10.2024, இரவு 11.02

அந்த ஏரியாவுல பூசணம் இல்லாத ஃப்ளாப்பி இருந்தா கண்ணாடிப் பெட்டியில வெச்சு டிக்கெட் போடலாம். கடல் காத்து, அடைமழை, மேல பரண். மூணும் சேர்ந்தா பூசணத்துக்குக் கல்யாண விருந்து.

யூஎஸ்பி இல்லாம இன்னொரு வழி இருக்கு. காயலான் கடையில பென்டியம் 4, கோர் 2 டுயோ காலத்து மதர்போர்டு கிடைக்கும். ஓரமா 34 முனை ஃப்ளாப்பி சாக்கெட் இருக்கான்னு பாருங்க. ஹார்ட் டிஸ்க் மாட்டுற ஐடிஇ சாக்கெட் 40 முனை, குழப்பிக்காதீங்க. பயாஸ்ல (கம்ப்யூட்டர் கிளம்பும்போது வர்ற செட்டிங் திரை) டிரைவ் வகையை 1.2 எம்பி 5.25னு மாத்தினா உங்க பன்னிரண்டும் அதுல ஓடும். கடைசிக் காலத்து போர்டுகள்ல பெரும்பாலும் ஒரே ஒரு டிரைவ்தான் எடுக்கும், ரெண்டு கிடையாது. கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தா வாங்காதீங்க.

ரிப்பன்34 | 13.10.2024, காலை 7.15

கொருக்குப்பேட்டையார் சொன்ன வழி நல்ல வழி. டாஸ் போட்டு இமேஜ்டிஸ்க் என்ற நிரலை ஓட்டினால் தட்டு முழுவதையும் ஒரே கோப்பாக எடுக்கலாம். அதோடு டெஸ்ட்எஃப்டிசி என்று ஒரு சோதனை நிரலும் வரும். அந்த போர்டு எஃப்எம் என்ற பழைய பதிவு முறைத் தட்டைப் படிக்குமா என்று சொல்லிவிடும். பல போர்டுகள் படிக்காது.

"பிசிஐ ஸ்லாட்டுக்கு ஃப்ளாப்பி கார்டு கிடைக்குமா" என்று அடுத்து யாராவது கேட்பார்கள். தேடி அலைய வேண்டாம். ஃப்ளாப்பியை ஓட்டும் கன்ட்ரோலர் சிப், பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ ஸ்லாட் காலத்து ஏற்பாட்டில் (டிஎம்ஏ சேனல் 2, ஐஆர்க்யூ 6) உட்கார்ந்திருந்தது. அது போர்டிலிருந்து போனதும் அந்தக் கதவு மூடிவிட்டது. லினக்ஸிலேயே ஃப்ளாப்பி டிரைவர் நிரலுக்கு 2019இல் பராமரிக்க ஆளில்லை என்று குறித்துவிட்டார்கள்.

வண்ணை_அச்சகம் | 13.10.2024, இரவு 8.30

பார்த்தேன். அறுபதுல பதினேழுல வெள்ளைப் படலம். மத்தது பார்வைக்குச் சுத்தம். சுத்தமானதை இப்ப போடலாமா?

ரிப்பன்34 | 13.10.2024, இரவு 9.05

போடலாம். ஒவ்வொன்றிலும் எழுதாமல் தடுக்கும் தக்கையைத் தள்ளி, ஓட்டை தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போடுங்கள். 3.5இல் ஓட்டை திறந்திருந்தால் பூட்டு. 5.25இல் நேர்மாறு: ஓர வெட்டை ஸ்டிக்கரால் மூடினால்தான் பூட்டு. இது தலைகீழாக மனதில் பதிந்தவர்கள் நிறைய.

விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்டால் வேண்டாம். எப்போதும் வேண்டாம். விண்டோஸ் 95, 98 போட்ட பழைய மெஷினில் வைத்துப் பார்க்க நினைத்தாலும் பூட்டிவிட்டே போடுங்கள். பூட்டாத தட்டைச் செருகினாலே அது பூட் செக்டாரில் (தட்டின் முதல் செக்டார்) இருக்கும் தயாரிப்பாளர் பெயரைத் தன் அடையாளத்தால் மாற்றி எழுதும்.

கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுக்காதீர்கள். ஒரு செக்டார் கெட்டிருந்தால் எக்ஸ்ப்ளோரர் அதே இடத்தை உரசிக்கொண்டே இருக்கும், தட்டு தேயும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நிரலை வைத்து முழுத் தட்டையும் இமேஜ் (ஒரே கோப்பான நகல்) எடுங்கள். முதல் சுற்றில் கெட்ட இடத்தைத் தாண்டிப் போகும்படி ஓட்டுங்கள், எது வந்தது, எது வரவில்லை என்று குறிக்கும் வரைபடக் கோப்பைக் கட்டாயம் சேமியுங்கள். சரியான 1.44 தட்டின் இமேஜ் 14,74,560 பைட் இருக்கும். 80 டிராக், 2 பக்கம், 18 செக்டார், 512 பைட், பெருக்கிப் பாருங்கள்.

அந்த வரைபடக் கோப்பு ஏன் என்றால்: முதல் டிரைவில் வராத செக்டார்களை இன்னொரு டிரைவில், அதே வரைபடத்தோடு ஓட்டினால் விட்டுப்போனதை மட்டும் தேடிப் படிக்கும். ஹெட் (தட்டைப் படிக்கும் முனை) ஒவ்வொரு டிரைவிலும் இழை அளவு தள்ளி நிற்கும். ஒன்றுக்குப் புரியாதது இன்னொன்றுக்குப் புரியும். மூன்று டிரைவில் ஓட்டி ஒரு முழு இமேஜ் சேர்ப்பது சாதாரண விஷயம்.

கொருக்குப்பேட்டையான் | 13.10.2024, இரவு 9.20

ஹப்புல செருகாதீங்க. சிபியு பின்னாடி இருக்கிற யூஎஸ்பி ஓட்டையில நேரா செருகுங்க. மோட்டார் கிளம்பும்போது கரண்ட் பத்தாம டிரைவ் காணாமப் போயிட்டுத் திரும்ப வரும். உடனே ஃப்ளாப்பியைத் திட்டுவீங்க.

வண்ணை_அச்சகம் | 16.10.2024, இரவு 10.50

நாப்பத்து மூணுல முப்பத்தாறு சுத்தமா வந்துடுச்சு. ஏழு தகராறு. அதுல மூணு "தட்டே இல்லை"ங்குது. ஆனா அது மூணும் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு.

ரிப்பன்34 | 16.10.2024, இரவு 11.10

அந்த மூன்றிலும் மூலையில் எத்தனை ஓட்டை என்று பாருங்கள். எச்டி (1.44 எம்பி) தட்டில் இரண்டு, டிடி (720 கேபி) தட்டில் ஒன்று. அந்தக் காலத்தில் 720 தட்டில் சூட்டுக்கோலால் இன்னொரு ஓட்டை போட்டு 1.44 ஆக்குவார்கள். அந்தத் தட்டு முதலில் 720 ஆகவே எழுதப்பட்டிருந்தால் டிரைவ் ஓட்டையைப் பார்த்து எச்டி என்று நம்பி ஏமாறும்.

வண்ணை_அச்சகம் | 17.10.2024, காலை 6.40

ரெண்டுல இருக்கு, விளிம்பு உருகின ஓட்டை! கறுப்பு டேப் ஒட்டினேன், படிச்சுடுச்சு. மூணாவதுல ஒழுங்கான ரெண்டு ஓட்டை.

ரிப்பன்34 | 17.10.2024, காலை 7.30

டேப் பிசின் டிரைவுக்குள் ஒட்டாமல் இருக்க, நகலெடுத்ததும் உரித்துவிடுங்கள்.

மூன்றாவது ஏதாவது சாஃப்ட்வேர் இன்ஸ்டால் தட்டா? மைக்ரோசாஃப்ட் ஒரு டிராக்குக்கு 18க்குப் பதில் 21 செக்டார் வைத்து, 1.68 எம்பி அடைத்த தட்டுகளை விற்றது. அதை யூஎஸ்பி டிரைவ் தொடாது. அங்கேதான் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய பொருள் வருகிறது: கிரீஸ்வீசல்.

கெய்ர் ஃப்ரேசர் உருவாக்கிய சின்ன போர்டு அது. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் 34 முனை. செக்டார் என்பதே அதற்குத் தெரியாது. ஹெட்டுக்குக் கீழே காந்தம் திசை மாறும் ஒவ்வொரு கணத்தையும் நேரம் குறித்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அதிலிருந்து 1.44 ஆ, 1.68 ஆ, ஆப்பிளா, அமிகாவா என்று பிரிப்பது கம்ப்யூட்டரின் வேலை. தட்டு ஒருமுறை சுற்ற 0.2 நொடி. டிராக்குக்கு மூன்று சுற்று, 160 டிராக், ஹெட் நகரும் நேரம் சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள் ஒரு தட்டு முடியும். இந்த நேரக் குறிப்புகள் சேரும் ஃப்ளக்ஸ் கோப்பு மட்டும் பல பத்து எம்பி இருக்கும்.

இதற்கு லேப்டாப் டிரைவ் ஆகாது. டெஸ்க்டாப் டிரைவ் வேண்டும். 3.5இல் டியாக் எஃப்டி-235எச்எஃப், சோனி எம்பிஎஃப்920, பானாசோனிக் ஜேயு-257. 5.25இல் டியாக் எஃப்டி-55ஜிஎஃப்ஆர், பானாசோனிக் ஜேயு-475. மூர் மார்க்கெட்டிலும் காயலான் கடையிலும் தேடினால் சிக்கும். வாங்கும்போது உள்ளே டார்ச் அடித்து ஹெட்டைப் பாருங்கள். மேல் ஹெட் கோணலாகத் தொங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கொருக்குப்பேட்டையான் | 17.10.2024, இரவு 8.15

கேபிள் மாட்டுறதுதான் இதுல பெரிய கூத்து. 10லேர்ந்து 16 வரைக்கும் கம்பியை முறுக்கியிருப்பாங்க. முறுக்குக்கு அப்புறம் வர்ற கனெக்டர் பி டிரைவ், முன்னாடி வர்றது ஏ.

ரிப்பன்34 | 17.10.2024, இரவு 8.40

தலைகீழ். முறுக்குக்குப் பிறகு, கடைசி முனையில் இருப்பதுதான் ஏ. நடுவில் இருப்பது பி. டிரைவ்கள் எல்லாமே "நான் இரண்டாவது" என்று ஜம்பர் (முனைகளை இணைக்கும் சின்னத் தொப்பி) வைத்து வரும், முறுக்கு ஒன்றை முதலாவதாக மாற்றும். கிரீஸ்வீசல் மென்பொருள் எதுவும் சொல்லாவிட்டால் ஏ என்று எடுத்துக்கொள்ளும். முறுக்கில்லாத நேர் கேபிள் கிடைத்தால் பி என்று சொல்ல வேண்டும். "டிராக் 0 கிடைக்கவில்லை" என்ற பிழையில் பாதி இந்தக் குழப்பம்தான்.

கொருக்குப்பேட்டையான் | 17.10.2024, இரவு 8.52

ஆமா, தப்பு என்னுது. இத்தனை வருஷமா கை தானா மாட்டுது, வாய்தான் மாத்திச் சொல்லுது.

ரிப்பன்34 | 17.10.2024, இரவு 9.30

கேபிளைப் பற்றி இன்னும் ஒன்று. இது முக்கியம்.

ரிப்பன் கேபிளில் சிவப்புக் கோடு 1ஆம் முனை. பழைய டிரைவ் பலவற்றில் தவறாகச் செருகாமல் தடுக்கும் பள்ளம் இருக்காது. திருப்பி மாட்டினால் டிரைவ் விளக்கு விடாமல் எரியும், மோட்டார் விடாமல் சுற்றும். காரணம்: ஒற்றை எண் முனை எல்லாம் எர்த், இரட்டை எண் முனை எல்லாம் சிக்னல். திருப்பினால் எல்லா சிக்னலும் எர்த்தைத் தொடும். ஃப்ளாப்பியில் எர்த்தைத் தொட்டால் "வேலையைச் செய்" என்று பொருள். தேர்ந்தெடு, மோட்டாரை ஓட்டு, கூடவே 24ஆம் முனை, எழுது!

அந்த நேரத்தில் பூட்டாத தட்டு உள்ளே இருந்தால் ஹெட் நிற்கும் டிராக் சுத்தமாக அழியும். 32ஆம் முனையும் எர்த் என்பதால் அழிவது மேல் பக்கம். ஹெட் டிராக் 0இல் நின்றால் அங்கே இருப்பது என்ன? 1.44 தட்டில் பூட் செக்டார் 1, ஃபேட் (எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணை) இரண்டு பிரதி 18, ஆக 19 செக்டார். கீழ்ப் பக்கம் 18 போக, கோப்புப் பெயர்ப் பட்டியல் முழுவதும் மேல் பக்கத்தில்தான் விழும். தட்டில் உள்ளதெல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்க, பெயர் மட்டும் போய்விடும்.

விளக்கு விடாமல் எரிந்தால் தட்டைப் போடாதீர்கள். முதலில் கேபிள்.

வண்ணை_அச்சகம் | 20.10.2024, மாலை 5.00

போர்டும் வந்துடுச்சு, 3.5 டிரைவும் 5.25 டிரைவும் கிடைச்சுது. 5.25க்கு 12 வோல்ட் எங்கேர்ந்து எடுக்கிறது? கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தனியா ஓடுமா?

ரிப்பன்34 | 20.10.2024, மாலை 5.45

ஓடும். 24 முனைக் கொத்தில் பச்சைக் கம்பியைப் பக்கத்துக் கறுப்போடு ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால் மின்விசிறி சுற்றும். அதைவிட எளிது, பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் கேபிளோடு வரும் அடாப்டர். 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் கொடுக்கும், பெரிய நாலு முனை பிளக்கும் இருக்கும். ரிச்சி தெருவில் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

பெரிய பிளக்கில் மஞ்சள் 12, சிவப்பு 5, நடுவில் இரண்டு கறுப்பு. மூலை சாய்வாக வெட்டியிருக்கும். அழுத்தித் திருப்பிச் செருகினால் 5 வோல்ட் சிப்புகளுக்கு 12 போய் டிரைவ் அன்றோடு சரி. 3.5 டிரைவின் சின்ன பிளக்கை ஒரு முனை தள்ளிச் செருகுவதும் அதே கதிதான்.

5.25இல் நீக்கக்கூடிய ரெசிஸ்டர் கட்டை ஒன்று இருந்தால் கழற்றாதீர்கள். கேபிளின் கடைசி டிரைவில் அது இருக்க வேண்டும்; உங்களிடம் இருப்பது ஒரு டிரைவ்தான்.

எல்லாம் மாட்டியதும், தட்டில்லாமல் கிரீஸ்வீசலின் 'இன்ஃபோ' கட்டளை. அடுத்து, வேண்டாத தட்டு ஒன்றைப் போட்டு 'ஆர்பிஎம்' கட்டளை. 3.5 என்றால் நிமிடத்துக்கு 300 சுற்று வர வேண்டும். 1.2 எம்பி 5.25 என்றால் 360. 290, 310 என்று அலைந்தால் அச்சில் பிசுக்கு.

கொருக்குப்பேட்டையான் | 20.10.2024, மாலை 6.10

பிசுக்குன்னா, ஹெட் ஓடுற தண்டுல பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும். ஆல்கஹால்ல துடைச்சுட்டு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ஒரே சொட்டு. தேங்காய் எண்ணெய் போட்டுட்டு எனக்கு போன் பண்ணாதீங்க.

ரிப்பன்34 | 23.10.2024, இரவு 10.00

பூசணம் பிடித்த பதினேழுக்கு வருவோம்.

மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், அடுப்பு பக்கத்தில் வேண்டாம். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். லேசான படலம் என்றால் 3.5 தட்டின் ஷட்டரைத் தள்ளிப் பிடித்து, பஞ்சு உதிராத துணியை நனைத்துப் பிழிந்து, நடுவிலுள்ள உலோகக் குமிழை விரலால் சுற்றிக்கொண்டே இரண்டு பக்கமும் துடையுங்கள். அழுத்தம் கண்ணாடி துடைப்பதைவிடக் குறைவு.

படலம் கனமாக இருந்தால் கூட்டைத் திறந்தாக வேண்டும். ஷட்டரையும் அதன் சின்ன ஸ்பிரிங்கையும் முதலில் எடுங்கள். மூலைகள் நாலும் ஒட்டியிருக்கும். மெல்லிய பிளேடை விளிம்பில் நுழைத்து ஒவ்வொன்றாக நெம்புங்கள். உள்ளே இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி மாதிரி இருப்பதில்தான் பூசணம் வேரூன்றியிருக்கும். பழைய கூட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள். வேண்டாத தட்டு ஒன்றின் கூட்டுக்குள் கழுவிய தட்டை வையுங்கள்.

கழுவ: டிஸ்டில்டு வாட்டர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. விரல் நுனியால் தடவி, மறுபடி டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் காயவிடுங்கள். உலோகக் குமிழின் அடியில் ஈரம் தங்கும், ஒரு நாள் முழுக்க விடுங்கள். மழை நாளில் இரண்டு நாள்.

5.25 இன்னும் சுலபம். உறையின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் கத்தரித்துத் தட்டை வெளியே இழுக்கலாம், படிக்கும்போது இன்னொரு உறையில் நுழைக்கலாம்.

வண்ணை_அச்சகம் | 23.10.2024, இரவு 10.30

டிஸ்டில்டு வாட்டர் இல்லாட்டி போர் தண்ணி? ஆல்கஹாலுக்குப் பதிலா பிரஸ்ல இருக்கிற தின்னர்?

கொருக்குப்பேட்டையான் | 23.10.2024, இரவு 10.34

நைனா, நம்ம ஏரியா போர் தண்ணியில பருப்பே வேகாது!

ரிப்பன்34 | 23.10.2024, இரவு 10.50

போர் தண்ணீர் காய்ந்தால் உப்புத் திட்டு நிற்கும், அது ஹெட்டுக்கு மணல்தாள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும், அதுவே போதும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கூடாது. காந்தப் பொடியை ஒட்டி வைத்திருக்கும் பசையே கரைந்து தட்டு வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும். சானிடைசரும் கூடாது, அதில் ஜெல் இருக்கிறது.

காய வைக்க அரிசி டப்பாவில் போடும் பழக்கத்தையும் இங்கே கொண்டுவராதீர்கள். மாவுத் தூசி.

ரிப்பன்34 | 24.10.2024, காலை 7.00

நேற்று விட்டது. பூசணத் தட்டு ஒன்று ஓடி முடிந்ததும் ஹெட்டைத் துடைக்காமல் அடுத்ததைப் போடாதீர்கள். பட்ஸை ஆல்கஹாலில் நனைத்து கீழ் ஹெட், மேல் ஹெட். மேல் ஹெட் மெல்லிய ஸ்பிரிங் தகட்டில் தொங்குகிறது, நெம்பித் தூக்கக் கூடாது.

ஓடும்போது கீச்சென்று சத்தம் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். பொடி உரிகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவும் மெல்லிய வளையம் தெரியும். அந்த டிராக் போய்விட்டது, திரும்ப வராது. பூசணத் தட்டுக்கு என்று தனியாக ஒரு மலிவு டிரைவ் வைத்துக்கொள்வது நல்லது.

பெரம்பூர்_லேப் | 27.10.2024, பிற்பகல் 3.20

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும் சார். ஒரு ஸ்கூல் பீரோவுல 5.25 தட்டு நாப்பது இருக்கு. 1980கள்ல வந்த பிபிசி மைக்ரோவோடது. பழைய பிசியில போட்டா ஒண்ணுமே படிக்கல. கெட்டுப் போச்சா?

ரிப்பன்34 | 27.10.2024, மாலை 4.00

கெட்டுப்போக வேண்டியதில்லை. 1984இல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது ஏகார்ன் கம்பெனியின் பிபிசி மைக்ரோ. அதன் தட்டு எஃப்எம் முறை, ஒரு டிராக்குக்கு 256 பைட்டில் 10 செக்டார். 40 டிராக் என்றால் ஒரு பக்கத்துக்கு 100 கேபி. டாஸுக்கு அது வேற்று மொழி. கிரீஸ்வீசலில் ஏகார்ன் டிஎஃப்எஸ் என்று வடிவம் சொன்னால் பிரித்துக் கொடுக்கும். 40 டிராக் தட்டை 80 டிராக் டிரைவில் படிக்கும்போது ஹெட் ஒவ்வொரு முறையும் இரண்டு படி தாண்ட வேண்டும். வடிவத்தோடு அதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதி டிராக் வெறுமையாக வரும்.

வண்ணை அன்பருக்கும் இது பொருந்தும். உங்கள் 5.25இல் 360 கேபி தட்டு இருந்தால் 1.2 டிரைவில் தாராளமாகப் படிக்கலாம். எழுதாதீர்கள். 1.2 டிரைவின் ஹெட் பாதி அகலம்தான். பழைய அகல டிராக்கின் நடுவே ஒல்லியாக எழுதிவிட்டுப் போகும், இரண்டு ஓரத்திலும் பழையது மிச்சம் நிற்கும். பிறகு 360 டிரைவில் வைத்தால் இரண்டும் கலந்து கேட்கும்.

ஊசிநூல் | 29.10.2024, இரவு 9.10

எனக்கு இதுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. எம்.சி. ரோடு கடைகளுக்கு வேலை செய்யிற எம்ப்ராய்டரி மெஷின், ஃப்ளாப்பியில மட்டும்தான் டிசைன் வாங்கும். புது ஃப்ளாப்பி கிடைக்கல.

கொருக்குப்பேட்டையான் | 29.10.2024, இரவு 9.40

எங்கேர்ந்து கிடைக்கும், சோனியே 2011 மார்ச்சோட கடையைச் சாத்திட்டான்.

உங்களுக்கு வேண்டியது கோடெக். 3.5 டிரைவ் சைஸ்ல இருக்கும், முன்னாடி பென்டிரைவ் ஓட்டை. மெஷின் அதை ஃப்ளாப்பின்னே நம்பும். அதோட வர்ற மென்பொருளைத் தூக்கிட்டு ஃப்ளாஷ்ஃப்ளாப்பி ஏத்துங்க, அதுவும் அந்த கிரீஸ்வீசல் ஃப்ரேசர் எழுதினதுதான். ஏத்துறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து சிப் எந்த வகைன்னு பாருங்க. எஸ்டிஎம்முக்கு ஒரு கருவி, ஆர்டெரிக்கு வேற கருவி.

மாத்துறதுக்கு முன்னாடி மூணு விஷயம் குறிச்சுக்குங்க. மெஷின் 720ஆ 1.44ஆ. கேபிள் 34 முனையா 26 முனையா. பழைய டிரைவுல ஜம்பர் எந்த எண்ல இருக்கு. கோடெக்குல அதே எண்ல ஜம்பர் வைக்கணும். மெஷின் "டிஸ்க் ரெடி இல்லை"ன்னா பெரும்பாலும் 34ஆம் முனைதான். பிசியில அது "தட்டு மாறிச்சு", ஷுகார்ட்னு சொல்ற பழைய இணைப்பு முறை மெஷின்ல "தயார்". அமைப்புக் கோப்புல இன்டர்ஃபேஸை ஷுகார்ட்னு மாத்திப் பாருங்க.

ஊசிநூல் | 31.10.2024, இரவு 8.00

ஷுகார்ட்னு மாத்தினதும் எடுத்துக்கிச்சு அண்ணே. தீபாவளி அன்னிக்கும் மெஷின் ஓடுது.

வண்ணை_அச்சகம் | 04.11.2024, இரவு 11.15

பூசணத் தட்டு பதினேழுல பதிமூணு முழுசா வந்துடுச்சு, நாலு அரைகுறை. 5.25ல பன்னிரண்டுல ஒன்பது. 21 செக்டார் தட்டும் வந்துடுச்சு.

இப்ப புதுத் தலைவலி. ஃபைல் திறக்குது, ஆனா தமிழே இல்ல. கொம்பும் புள்ளியும் வெச்ச ஏதோ ஐரோப்பா எழுத்து. சிலதுல வெறும் இங்கிலீஷ் எழுத்து குப்பை. இமேஜ் தப்பா எடுத்துட்டேனா?

எழுத்துரு_ஆள் | 05.11.2024, காலை 6.20

இமேஜ் சரிதான். அது யூனிகோடு (இன்றைய பொது எழுத்துக் குறியீடு) பரவுவதற்கு முந்தின தமிழ். ஒவ்வொரு எழுத்துரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் வைத்த காலம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகுதான் தாம், தாப் என்று அரசு குறியீட்டுத் தரம் வந்தது. இணையத்தில் புழங்கியது டிஸ்கி என்ற இன்னொரு குறியீடு. எனவே உங்கள் 1993 கோப்பும் 2001 கோப்பும் வேறு வேறு பாஷை பேசும்.

வெறும் இங்கிலீஷ் குப்பை என்கிறீர்களே, அதில் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் வரிசையாக வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் அது பாமினி எழுத்துரு, படிக்க வேண்டியது "தமிழ்". ஜே என்றால் த, கே என்றால் ம, பி என்பது இகரக் கொக்கி, ஓ என்றால் ழ, செமிகோலன் புள்ளி.

தட்டுகளில் எங்கேயாவது எழுத்துருக் கோப்பு இருக்கும், முதலில் அதைப் பத்திரப்படுத்துங்கள். மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போதும்; டிஸ்கி, தாப், தாம், பாமினி எல்லாம் தெரியும். பேஜ்மேக்கர் 6, 6.5, 7 கோப்புகளை லிப்ரே ஆஃபீஸ் டிரா திறக்கும், இன்டிசைன் சிஎஸ்6 வரையும் திறக்கும். 5 என்றால் பழைய பேஜ்மேக்கரை விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலிக் கம்ப்யூட்டர்) விண்டோஸ் 98 மேல் ஓட்டித்தான் எடுக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டையான் | 05.11.2024, காலை 8.00

அந்த விர்ச்சுவல் மெஷினுக்கு நெட்டைக் கொடுக்காதீங்க. அந்தக் காலத்து டிடிபி ஃப்ளாப்பியில பூட் செக்டார் வைரஸ் இல்லாதது அபூர்வம். 1990ல நம்ம நாட்டுலயே கண்டுபிடிச்ச ஜோஷி வைரஸ் ஞாபகம் இருக்கா? ஜனவரி 5 ஆனா "ஹேப்பி பர்த்டே ஜோஷி"ன்னு டைப் பண்ணாத்தான் விடும். இன்னிக்கு மெஷினை அது ஒண்ணும் பண்ணாது, ஆனா இமேஜ்லேர்ந்து பூட் பண்ணிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

ஏ01, ஏ02ன்னு முடியிற ஃபைல் இருந்தா அது ஏஆர்ஜேங்கிற ஃபைல் சுருக்கும் நிரல்ல உடைச்சு நாலஞ்சு ஃப்ளாப்பியில போட்டது. எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல சேர்த்துட்டுத்தான் பிரிக்கணும். நடுவுல ஒண்ணு காணோம்னா அங்கேயே நின்னுடும்.

வண்ணை_அச்சகம் | 05.11.2024, இரவு 10.05

ஜே கே பி ஓ செமிகோலன் கிடைச்சுடுச்சு! ஏஆர்ஜேயும் இருக்கு, அஞ்சு துண்டு கோயில் மலர். நாலாவது துண்டு அந்த அரைகுறை தட்டுல மாட்டியிருக்கு.

ரிப்பன்34 | 05.11.2024, இரவு 10.40

அந்தத் தட்டில் எந்த டிராக் வரவில்லை என்று கிரீஸ்வீசல் காட்டும் கட்டத்தில் பாருங்கள். விட்டுவிட்டு வராமல் இருந்தால் அழுக்கு, இன்னொருமுறை கழுவலாம். ஒரு பக்கம் முழுவதும் வரவில்லை என்றால் அந்த ஹெட்டில் அழுக்கு. உள் வட்டத்தில், 60க்கு மேல் மட்டும் என்றால் எழுதிய டிரைவின் ஹெட் தள்ளி இருந்திருக்கும். வேறு கம்பெனி டிரைவில் ஓட்டுங்கள். சுற்று எண்ணிக்கையை 3லிருந்து 10 ஆக்கி, வராத டிராக்கை மட்டும் கேளுங்கள். ஹெட்டை விலக்கித் திரும்ப வரவைத்து முயலும் வசதியும் இருக்கிறது. எதிர்த் திசையிலிருந்து வந்தால் சில சமயம் சரியான இடத்தில் நிற்கும்.

வண்ணை_அச்சகம் | 09.11.2024, இரவு 9.00

71, 72, 73 மட்டும்தான் வரல. சோனியில வராதது டியாக்ல பத்து சுத்துல வந்துடுச்சு. மலர் பிரிஞ்சுது, 48 பக்கம். மிச்ச மூணு அரைகுறையும் அதே டியாக்ல போட்டிருக்கேன், ஒண்ணு கீச்சுன்னுச்சு, நிறுத்திட்டேன்.

ரிப்பன்34 | 09.11.2024, இரவு 9.12

கீச்சிட்டதை எடுத்து தனி உறையில் பேர் எழுதி வையுங்கள். அடுத்த தட்டுக்கு முன் ஹெட்டைத் துடைத்தீர்களா?

வண்ணை_அச்சகம் | 09.11.2024, இரவு 9.13

இப்ப துடைக்கிறேன்.